விடியப்புறத்து நாரி நோ

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

வயலும் வாவியும் சோறு போடுகிற மட்டக்களப்பில் நாரி நோவை, அதாவது கீழ்முதுகு வலியை, யாரும் பெரிதாக எடுப்பதில்லை. மூட்டை தூக்கியதால் பிடித்திருக்கும் என்று எண்ணெய் தேய்த்துவிடுவோம். பெரும்பாலும் அது சரிதான். உழைத்து வந்த நோ படுத்தால் ஆறும். படுத்தால் கூடி, நடமாடினால் குறைகிற நோ வேறு.

படுவான்கரையிலிருந்து கிளினிக்குக்கு வந்த ஒரு தம்பிக்கு 23 வயது. விடியப்புறம் மூன்று மணிக்கு நோ எழுப்பிவிடும், முற்றத்தில் உலாவுவான். கிணற்றடியில் குனிந்து முகம் கழுவ முடியாது, தாய் வாளியை உயர்த்திப் பிடிப்பார். ஒன்பது மணிக்கோ மண்வெட்டியோடு வரம்பில் நிற்பான். எழும்பப் பஞ்சி என்று தகப்பன் மூன்று வருடம் ஏசியிருக்கிறார். அதைச் சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அது பஞ்சியல்ல, முள்ளந்தண்டு அழற்சி. கிருமியை விரட்ட வேண்டிய நிர்ப்பீடனத் தொகுதி, தசைநாண்கள் எலும்பைப் பற்றியிருக்கும் இடங்களையும் முள்ளந்தண்டின் அடிமூட்டுகளையும் தாக்குகிறது. டிஎன்எஃப், இன்டர்லூகின்-17 என்னும் புரதங்கள் அழற்சியை மூட்டிக்கொண்டே இருக்கின்றன. புண்ணை ஆற்றப் புறப்பட்ட உடலோ வேண்டாத இடத்தில் எலும்பை வளர்க்கிறது. கவனிக்காமல் விட்டால் சிலருக்கு முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, முதுகு மூங்கில்போல் விறைத்துவிடும்.

எச்எல்ஏ-பி27 என்ற மரபணு வகைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு 1973இல் தெரியவந்தது. ஆனால் அந்த வகை இருப்பவர்களுள் பெரும்பாலானோருக்கு நோய் வருவதே இல்லை. ஆகவே இரத்த அறிக்கையை மட்டும் பார்த்துப் பயப்படாதீர்கள்.

முதல் மருந்து அழற்சி குறைக்கும் மாத்திரை. அதோடு நாள்தோறும் உடற்பயிற்சி. புகைப்பதை நிறுத்தியே ஆக வேண்டும். இவற்றுக்கு அடங்காவிட்டால் டிஎன்எஃப்பை அடக்கும் ஊசி இருக்கிறது. அதைப் போடுமுன் காசநோய் இருக்கிறதா என்று கட்டாயம் பார்ப்போம். முதுகைச் சுடும் அதே டிஎன்எஃப்தான் உடலுக்குள் உறங்கும் காசநோய்க் கிருமியையும் எழும்பவிடாமல் காவல் காக்கிறது. காவலைத் தளர்த்தினால் கிருமி விழித்துக்கொள்ளும்.

45 வயதுக்கு முன் தொடங்கி மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் நோ என்றால் வைத்தியரிடம் காட்டுங்கள். எத்தனை மணிக்கு நோ எழுப்புகிறது, காலை விறைப்பு எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். அந்தத் தம்பியின் நோயை எக்ஸ்ரேக்கு முன்பே எனக்குக் காட்டித்தந்தது அந்த மூன்று மணிதான்.

ஒன்று மட்டும் அவசரம். இந்நோய் உள்ளவருக்குக் கண் சிவந்து நொந்து வெளிச்சம் கூசினால் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே கண் வைத்தியரிடம் போங்கள்.