சம்பளத்தோடு ஒரு சிறு தொழில்: முதற்பணம் எங்கிருந்து வரவேண்டும்?

அன்புக்குரிய பட்டதாரிகளே, அவர்களோடு வந்திருக்கும் பெற்றோர்களே, வணக்கம்.

வேலைக்குச் சேர்ந்த கையோடு, மாலையிலும் விடுமுறை நாளிலும் செய்யத்தக்க ஒரு சிறு தொழிலைத் தொடங்க விரும்பும் இளைஞர்கள் இன்று நம் ஊர்களில் பெருகியிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் எடுத்த எடுப்பில் கேட்பது, "லோன் எங்கே கிடைக்கும்?" என்பதுதான். வங்கியின் கடன் பிரிவில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் நான் கேட்டுக்கொள்வது இது: முதற்பணம் வாடிக்கையாளரிடமிருந்து வரட்டும், அடுத்த பணம் உங்கள் சம்பளத்திலிருந்து வரட்டும், கடனை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வாடிக்கையாளர் எப்படி முதல் தருவார் என்று நீங்கள் கேட்கலாம். திருப்பூரில் வேலை பார்க்கும் ஒரு பட்டதாரி, கல்லூரி விழாக்களுக்கு அச்சிட்ட டி-ஷர்ட் செய்து கொடுக்க எண்ணுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 100 டி-ஷர்ட்டுக்கு, ஒன்று 250 ரூபாய் வீதம், 25,000 ரூபாய்க்கு ஆர்டர் கிடைக்கிறது. பாதித் தொகையை முன்பணமாக வாங்கினால் 12,500 ரூபாய் கைக்கு வரும். அச்சிடாத டி-ஷர்ட் 120 ரூபாய் என்றால் 12,000 ரூபாயில் சரக்கு வந்துவிடும். அச்சு வேலையை ஏற்கெனவே இயந்திரம் வைத்திருப்பவரிடம், ஒன்றுக்கு 50 ரூபாய் கூலிக்கு ஜாப் ஒர்க்காகக் கொடுத்து, சரக்கை ஒப்படைத்த பின் அந்தக் கூலியைக் கொடுத்தால், போக்குவரத்துச் செலவு நீங்கலாக 8,000 ரூபாய் மிஞ்சும். இதில் எங்கும் கடன் இல்லை. இதே இளைஞர் முதலில் இயந்திரத்தைக் கடனில் வாங்கியிருந்தால், ஆர்டர் இல்லாத மாதத்திலும் தவணை வந்து வாசலில் நிற்கும். கூலிக்குக் கொடுக்கும் பணம் மாதாமாதம் தவணைத் தொகையைத் தாண்டத் தொடங்கும்போது இயந்திரம் வாங்கலாம். அதற்கு முன் வாங்குவது ஆசைக்காக வாங்குவதாகும்.

சம்பளத்தைப் பொறுத்தவரை இரண்டே சொல்வேன். உங்கள் பணி ஒப்பந்தம் வேறு தொழில் செய்ய இடம் தருகிறதா என்று படித்துப் பாருங்கள். அரசுப் பணியாளர்களுக்கு இதில் கட்டுப்பாடு கடுமையானது. தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு ஒன்றைத் திறந்து, சம்பளத்திலிருந்து போடும் பணத்தையும் அதன் வழியாகவே போடுங்கள்.

கல்விக் கடன் பெற்றுப் படித்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் பொதுவாகத் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் அந்தக் காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. தொழிற்கடன் கேட்டு நீங்கள் வங்கிக்குள் நுழையும்போது, மேலாளர் உங்கள் திட்ட அறிக்கையைத் திறப்பதற்கு முன்பே, நீங்கள் பழைய கடன்களை எப்படிக் கட்டினீர்கள் என்று காட்டும் சிபில் அறிக்கையைப் பார்த்துவிடுவார். கல்விக் கடனில் தவணை தவறியிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

இனி, பெற்றோர்கள் முன்னிலையில் பேசியே ஆகவேண்டிய ஒன்றுக்கு வருகிறேன். நம் வீடுகளில் அவசரம் என்றால் முதலில் அம்மாவின் நகைதான் வங்கிக்குப் போகிறது. நகைக்கடன் தவறானதல்ல, வெளியில் வாங்கும் கடனைவிட வட்டி மிகக் குறைவு. ஆனால் கையில் ஆர்டர் இல்லாமல், கடையை அலங்கரிக்க நகையை வைக்காதீர்கள். ஆண்டு முடிவில் அசலைக் கட்ட முடியாமல் வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைக்கும் வழக்கம் வந்துவிட்டால், அந்த நகை வீடு திரும்புவது கடினம்.

தண்டல் பணத்தைத் தொடவே தொடாதீர்கள். 10,000 ரூபாய் கடன் என்று சொல்லி, 1,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 9,000 ரூபாய் கொடுத்து, நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் வசூலிப்பார்கள். ஆயிரம் ரூபாய்தானே என்று தோன்றும். முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதைக் கணக்கில் எடுத்தால், அது ஆண்டுக்கு 75 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வட்டி. தமிழ்நாட்டில் கந்துவட்டியைத் தடுக்க 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் அவசரத்தில் இருப்பவர் சட்டத்தை நினைப்பதில்லை. கைப்பேசிச் செயலிகளில் நிமிடத்தில் கிடைக்கும் கடனையும் இதே கணக்கைப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

அரசுத் திட்டங்களைப் பற்றிப் பெரிய மயக்கம் இருக்கிறது. சிறு தொழில்களுக்குக் கடன் தர 2015-இல் தொடங்கிய முத்ரா திட்டத்தில், சிசு என்னும் தொடக்கநிலைப் பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையின்றிக் கடன் கிடைக்கும். ஆனால் அதில் மானியம் இல்லை, முழுத் தொகையையும் திருப்பிக் கட்ட வேண்டும். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் பொதுப்பிரிவினருக்கு நகரத்தில் 15, ஊரகத்தில் 25 விழுக்காடும், பெண்கள் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு முறையே 25, 35 விழுக்காடும் மானியம் உண்டு. அந்த மானியம் உங்கள் கைக்கு வருவதில்லை. உங்கள் பெயரில் 3 ஆண்டுகள் வங்கியில் வைப்பாக இருந்து, தொழில் நடந்துகொண்டிருந்தால் கடனில் கழிக்கப்படுகிறது. மேலும் அது புதிய தொழில்களுக்கு மட்டுமே உரியது. ஏற்கெனவே நடத்திவரும் தொழிலைக் காட்டி அதில் சேர முடியாது. புதிய தொழில்முனைவோருக்கான தமிழக அரசின் நீட்ஸ் (NEEDS) திட்டம் முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்குச் சிறந்தது என்றாலும், திட்ட மதிப்பு குறைந்தது 10 லட்சம் ரூபாய் இருக்க வேண்டும். சம்பள வேலையோடு நடத்தும் தொழிலுக்கு அது மிகப் பெரிய அளவு. மானியம் இருக்கிறதே என்பதற்காகத் தொழிலைப் பெரிதாக்குகிறவர்களைக் கண்டு நான் மிகவும் வருந்தியிருக்கிறேன்.

ஆகவே உங்களுக்குப் பொருந்துவது பெரும்பாலும் முத்ராவாகத்தான் இருக்கும். சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவாகிய உத்யம் பதிவை இணையத்தில் நீங்களே செய்துகொள்ளுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது, இடைத்தரகருக்கு ஒரு ரூபாயும் தரத் தேவையில்லை. தொழில் கணக்கின் ஆறு மாத அறிக்கை, ஆர்டர் நகல்கள், இயந்திரத்துக்கான கொட்டேஷன் ஆகியவற்றோடு உங்கள் பகுதி வங்கிக் கிளைக்குச் செல்லுங்கள். சிறு தொழிலுக்கான 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு வங்கிகள் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதத்தோடு, மாவட்டத்தின் வங்கிகளை ஒருங்கிணைக்கும் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரையும் மாவட்டத் தொழில் மையத்தையும் அணுகுங்கள்.