வருசத்தைக் கூட்டினால் என்ன வரும்?

வணக்கம் உறவுகளே! இன்றைக்கு வயலும் இல்லை, வாய்க்காலும் இல்லை. முரசுமோட்டையில் மாமா வீட்டு விறாந்தையில் இருந்து பேசுகிறேன். பக்கத்தில் வழமையான பிளேன்டீ. செகண்ட் ஹாண்ட் லப்டொப் வாங்கிய கதை போன வீடியோவில் பார்த்தீர்கள்தானே, அதில் பவர் பிஐ டெஸ்க்டொப் போட்டு மூன்று நாள். எக்செல் கணக்குகளைப் படமாக்கிக் காட்டுகிற மைக்ரோசொஃப்ட் மென்பொருள் அது. மென்பொருள் இலவசம், ஒரு சதம் இல்லை. ஆனால் இறக்கியதில் வீட்டு வைஃபை டேட்டா முடிந்து, அம்மாவுக்கு இரண்டு நாளாக நாடகம் இல்லை. இரண்டு நாளாக எனக்கு அம்மாவின் பேச்சும் இல்லை.

மாமா கமக்கார அமைப்பில் செயலாளர். ஐந்து வருச நெல் விளைச்சலைக் கூட்டத்தில் படமாகக் காட்ட வேணும் என்று கொப்பியைத் தந்தார். நான் எக்செலில் ஏற்றினேன்.

சரி, பவர் பிஐயைத் திறந்தால் நடுவில் வெள்ளை வெளி. வலப்பக்கம் மூன்று பலகைகள்: ஃபில்டர்ஸ், விசுவலைசேஷன்ஸ், டேட்டா. குறைந்தது 1440க்கு 900 திரை வேணும் என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். என்னுடையது 1366க்கு 768! மூன்றையும் விரித்தால் நடுவில் தபால் முத்திரை அளவுதான் மிஞ்சும். பலகையின் தலையில் இரட்டை அம்பு இருக்கிறது, அதை அழுத்தினால் ஓரமாக மடங்கிவிடும். ஃபில்டர்ஸை நான் மடித்ததுதான், பிறகு திறக்கவே இல்லை.

இனித்தான் கூத்து. டேட்டா பலகையில் ‘ஆண்டு’ என்ற பெட்டிக்குச் சரி போட்டேன். ஒற்றைத் தூண் ஒன்று எழும்பி நின்றது. அதை அட்டவணையாக மாற்றினால் 20,230 என்கிறது. தலைப்பு ‘சம் ஒஃப் ஆண்டு’. இது எந்த நூற்றாண்டு? அரை மணித்தியாலம் தலையைப் பிய்த்தேன். 2021 முதல் 2025 வரை, வருசத்துக்குப் பெரும்போகம் ஒரு வரி, சிறுபோகம் ஒரு வரி. பத்து வரியையும் கூட்டி வைத்திருக்கிறது! பெயருக்குப் பக்கத்தில் சிக்மா குறி (Σ) இருந்தால் இது கூட்டப் போகிறது என்று அர்த்தம். நான் அதை அலங்காரம் என்று நினைத்தேன்.

இதில் இன்னொரு வெட்கக்கேடு. மாமா கொப்பியில் பெரும்போகத்தை 2024/25 என்றுதான் எழுதியிருந்தார். ஐப்பசியில் விதைத்துத் தை, மாசியில் வெட்டுகிற போகம் இரண்டு வருசத்தில்தானே கிடக்கும். நான்தான் ‘சுத்தம்’ செய்கிறேன் என்று 2025 ஆக்கினேன். அப்படியே விட்டிருந்தால் அது எழுத்தாகவே இருந்திருக்கும், கூட்டவே முடியாது.

ஆ, சொல்ல மறந்தேன், இடது ஓரத்தில் சின்னப் படங்கள் இருக்கின்றன. மேலே இருப்பது றிப்போட், அடுத்தது டேபிள் வியூ. அதற்குள் போய் ஆண்டு நிரலைத் தெரிவு செய்து, மேலே சமரைசேஷனில் ‘டோன்ட் சமரைஸ்’, அதாவது கூட்டாதே என்று கொடுங்கள். தீர்ந்தது.

வட்டப்படம் போடச் சொல்லிக் கொமெண்டில் கேட்காதீர்கள், போடமாட்டேன். ஐந்து துண்டில் எது பெரிசு என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்கிற வேலை அது. தூண் படம்தான் என் கட்சி. ஸ்லைசர் என்று ஒன்று இருக்கிறது பாருங்கள், பெரும்போகம், சிறுபோகம் என்று இரண்டு பெட்டி. ஒன்றைத் தட்டினால் பக்கத்தில் இருக்கிற படம் எல்லாம் மாறும். நேற்று முழுக்க அதையே தட்டிக்கொண்டிருந்தேன்.

இணையத்தில் ஏற்றுவதற்கு வேலை அல்லது படிப்பு இடத்து மின்னஞ்சல் கேட்கும், ஜிமெயில் எடுபடாது. ஃபைலுக்குள் எக்ஸ்போர்ட் போய்ப் பிடிஎஃப் ஆக்கினேன், அச்சடித்து மாமாவிடம் நீட்டினேன்.

2022 பெரும்போகத் தூண் மட்டும் குள்ளமாக நின்றது. 2021இல் இரசாயன உரத்தை இறக்கவிடாமல் நிறுத்தினார்களே, அந்தப் போகம். மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சொன்னார்: “பிள்ளை, இதுக்கு கொம்பியூட்டர் வேணுமே? அந்த வருசம் சாக்கே மிச்சம்.”