ஒப்புரவுக்கு முதற்படி ஈடுசெய்தலே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

"அமெரிக்கக் காவல்துறையின் நிறவெறியால் பட்ட காயம் ஆற, முதலில் வேண்டியது மன்னிப்பா, ஈடுசெய்தலா?" இதுதான் தலைப்பு. எனக்கு முன் பேசிய சகோதரர் மன்னிப்பின் பக்கம் நின்று பாதி அரங்கத்தை அழவைத்துவிட்டார். 2019 அக்டோபரில் டாலஸ் நீதிமன்றத்தில், தன் அண்ணனை அவர் வீட்டுக்குள்ளேயே சுட்டுக் கொன்ற பெண் போலீஸை ஒரு கறுப்பின இளைஞர் கட்டிப்பிடித்து மன்னித்தாரே, அந்தக் காட்சியைச் சொன்னார். உண்மைதான், பெரிய மனசு. ஆனால் அந்த அணைப்பு எப்போது நடந்தது? ஜூரி கொலைக்குற்றம் என்று தீர்ப்புச் சொல்லி, 10 வருடச் சிறையும் அறிவித்த பிறகு! அதே நாளில் அந்த இளைஞரின் தாயார், டாலஸ் காவல்துறை தன்னைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும் என்று பேசினார். மகன் அணைத்த வீடியோ உலகம் சுற்றியது. தாய் பேசியதை எத்தனை கிறிஸ்தவ சபைகளில் போட்டுக் காட்டினார்கள், நடுவரே?

வேதத்துக்கே, பைபிளுக்கே போவோம். அப்போஸ்தலர் நடபடிகள் 16ஆம் அதிகாரம், பிலிப்பி பட்டணம். இயேசுவைப் பிரசங்கித்து வந்த பவுலையும் சீலாவையும் விசாரணையே இல்லாமல் ஊர் பார்க்க அடித்து, கால்களைத் தொழுமரத்தில் மாட்டுகிறார்கள். இன்றைய பாஷையில் கஸ்டடி டார்ச்சர். விடிந்ததும் அதிகாரிகள் சேவகரை அனுப்பி, சத்தமில்லாமல் போய்விடச் சொல்கிறார்கள். எதிரணியின் கணக்குப்படி பவுல் 'ஸ்தோத்திரம்' சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். மனுஷன் அசையவில்லை. "அவர்களே வந்து, எங்களை வெளியே அழைத்துவிடட்டும்" என்றார். ஊரறிய அடித்ததை இருட்டில் முடிக்காதே என்பதுதான் அதற்கு அர்த்தம். அதே அதிகாரத்தில் சிறைச்சாலைக்காரன் மனந்திரும்புகிறான். வசனத்தைக் கேட்டதும் என்ன செய்தான்? அவர்களுடைய காயங்களைக் கழுவினான். அதன் பிறகுதான் ஞானஸ்நானம். அந்தப் புத்தகத்தின் ஆசிரியர் லூக்கா வரிசை மாறாமல் எழுதியிருக்கிறார்: தண்ணீர் முதலில் அடிபட்டவர்களின் முதுகுக்கு, அப்புறம்தான் இவன் தலைக்கு.

பவுலுக்கு ரோமக் குடியுரிமை இருந்ததால் அதிகாரிகள் பயந்தார்கள் என்பீர்கள். சரி, சிகாகோவுக்கு வாருங்கள். அங்கே அடிபட்டவர்களும் அமெரிக்கக் குடிமக்கள்தான். 1972 முதல் 1991 வரை ஜான் பர்ஜ் என்ற போலீஸ் அதிகாரியும் அவருக்குக் கீழிருந்தவர்களும் 100 பேருக்கு மேல் சித்திரவதை செய்தார்கள். ஏறக்குறைய எல்லோருமே கறுப்பர்கள். மின்சார அதிர்ச்சி கொடுத்தார்கள், தட்டச்சு இயந்திரத்தை மூடும் பிளாஸ்டிக் உறையைத் தலையில் மாட்டி மூச்சை அடைத்தார்கள். அப்படி வாங்கிய வாக்குமூலத்தால் சிலருக்கு மரண தண்டனையே கிடைத்தது. 2003இல் அவர்களில் நான்கு பேருக்கு ஆளுநர் மன்னிப்பு வழங்கினார். செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு! அந்த வார்த்தை எப்படியெல்லாம் அடிபடுகிறது பாருங்கள்.

1982 பிப்ரவரியிலேயே சிறை மருத்துவர் ஒருவர் ஒரு கைதியின் உடம்பில் கண்ட காயங்களையும் சூட்டுத் தழும்புகளையும் எழுதி, விசாரிக்கச் சொல்லி போலீஸ் தலைமைக்குக் கடிதம் போட்டார். அது அரசு வழக்கறிஞர் வரை போனது. ஒருவர்மேலும் வழக்கு இல்லை. பர்ஜ் வேலையை விட்டு நீக்கப்பட்டது 1993இல். 1989இல் அந்தக் கைதி தொடுத்த வழக்கு நடந்தபோது, காவல்துறையின் உறையிலேயே அவருடைய வழக்கறிஞர்களுக்கு மொட்டைக் கடிதங்கள் வந்தன, யார் யார் இதில் கூட்டு என்று. மனமாற்றம் போதும் என்கிறீர்களே, மனம் மாறிய போலீஸ் உள்ளேயே இருந்திருக்கிறார். கையெழுத்துப் போடத்தான் அவருக்குத் தைரியம் வரவில்லை, ஏனென்றால் காட்டிக்கொடுத்தவனைக் காக்க ஒரு ஏற்பாடும் அங்கே இல்லை.

சித்திரவதைக்கு வழக்குத் தொடுக்கும் காலவரம்பு கடந்துவிட்டது. எனவே 2010இல் பர்ஜ் குற்றவாளி என்று தீர்ப்பானது பொய்ச்சாட்சிக்கும் நீதிக்குத் தடை செய்ததற்கும்தான். 2011இல் கிடைத்தது நாலரை வருடம். ஓய்வூதியத்தையாவது பறிக்கலாமா என்று 2011இல் ஓய்வூதிய வாரியம் வாக்கெடுத்தது. 4க்கு 4. பணம் தொடர்ந்து போனது.

இனி ஈடு என்றால் என்ன என்று பாருங்கள். 2015 மே 6 அன்று சிகாகோ மாநகரசபை ஒரு சட்டம் நிறைவேற்றியது. 55 லட்சம் டாலர் நிதி, ஆளுக்கு அதிகபட்சம் 1 லட்சம். 57 பேருக்குக் கிடைத்தது. அதோடு நகரத்தின் பகிரங்க மன்னிப்புக் கோரிக்கை, நகரக் கல்லூரிகளில் இலவசப் படிப்பு, மனநல ஆலோசனை மையம், ஒரு நினைவுச்சின்னம். எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று: 8ஆம், 10ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த வரலாறு பாடம். வழக்கமான நஷ்டஈட்டு ஒப்பந்தத்தில் பணம் வரும், 'தவறை ஒப்புக்கொள்ளவில்லை' என்ற வரியும் கூடவே வரும். லூக்கா 19இல் வரும் வரிவசூல் தலைவன் சகேயு அப்படிச் சொல்லவில்லை. "நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்" என்று கூட்டத்துக்கு நடுவே, வாய் திறந்து சொன்னான். அதற்குப் பின்புதான் "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்றார் இயேசு.

வரிசை மாறினால் என்ன ஆகும்? தென்னாப்பிரிக்காவைக் கேளுங்கள். நிறவெறி ஆட்சியின் குற்றங்களை விசாரித்த பேராயர் டுட்டுவின் உண்மை ஆணையத்தில் குற்றவாளிக்குப் பொதுமன்னிப்பு கிடைத்தால் அது அப்போதே செல்லுபடியாகும். பாதிக்கப்பட்டவருக்கு ஈடோ வெறும் பரிந்துரை. அரசாங்கம் பார்த்துக் கொடுக்க வேண்டும். ஆறு வருடத்துக்கு ஆண்டுதோறும் உதவித்தொகை என்று ஆணையம் கேட்டது. 2003இல் அறிவித்தது ஒரே ஒரு தடவைக்கு 30,000 ராண்ட்.

போதகர்களையே எடுங்கள். 1961இல் வெள்ளையரும் கறுப்பருமாக 15 எபிஸ்கோப்பல் சபைக் குருமார் ஜெபப் பயணம் போய், மிசிசிப்பியின் ஜாக்சன் பேருந்து நிலையத்தில் வெள்ளையருக்கான காத்திருப்பறைக்குள் நுழைந்ததற்காகக் கைதானார்கள். அவர்களில் சிலர் போலீஸ்மேல் வழக்குப் போட்டார்கள். 1967இல் உச்ச நீதிமன்றம், நல்லெண்ணத்தில் கைது செய்தோம் என்று போலீஸ் வாதிட இடமுண்டு என்றது. இன்று அத்துமீறும் காவலரை நஷ்டஈட்டு வழக்கிலிருந்து காக்கிற சட்டக் கவசத்துக்கு விதை அந்தத் தீர்ப்புதான். ஜெபித்தவர்களின் வழக்கில் முளைத்த கவசத்தை வெறும் ஜெபத்தால் கழற்ற முடியுமா, சகோதரரே?

அடுத்து வரும் சகோதரி ஏழெழுபதுதரம் மன்னிக்கச் சொன்ன வசனத்தோடு வருவார். வரட்டும். கையோடு லூக்கா 17:3ஐயும் வாசிக்கட்டும்: "அவனைக் கடிந்துகொள், அவன் மனஸ்தாபப்பட்டால், அவனுக்கு மன்னிப்பாயாக." கூடவே இதற்கும் ஒரு பதில் சொல்லட்டும். சிகாகோவில் 2015இல் வாக்களித்த அந்த நினைவுச்சின்னம் வருடக்கணக்காகக் காகிதத்திலேயே கிடந்ததே, அந்த வருடங்களில் அந்த 57 பேரிடமும் போய் எதை மன்னிக்கச் சொல்லியிருப்பார்?

மணி அடித்துவிட்டார்கள். நன்றி, வணக்கம்.