இருவர் தலையிலும் ஆத்தி

நேயர்களுக்கு வணக்கம். சரித்திரக் கதைகளில் வரும் கோட்டை முற்றுகையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். முற்றுகை என்றாலே கதை எழுதுகிறவர்களுக்குக் கை துறுதுறுக்கும். கல் எறியும் கவண், கொதிக்கும் எண்ணெய், காய்ச்சிய உலை என்று மதுரை மதில்மேல் இருந்த பொறிகளைச் சிலப்பதிகாரம் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறது. அதை எடுத்துக்கொண்டால் பத்துப் பக்கம் தானாக நிரம்பிவிடும். நானும் அப்படி நிரப்பியவன்தான். அப்புறம் புறநானூற்றின் 44ஆம் பாட்டை நிதானமாகப் படித்தேன். அந்தப் பத்துப் பக்கத்தையும் கிழித்துவிட்டேன்.

ஆவூர்க் கோட்டையை வெளியே வளைத்துக்கொண்டு நிற்பவன் சோழன் நலங்கிள்ளி. உள்ளே கதவை அடைத்துக்கொண்டு இருப்பவன் நெடுங்கிள்ளி, அவனும் சோழன். கோவூர்கிழார் என்ற புலவர் உள்ளே இருப்பவனைப் பார்த்துப் பாடுகிறார். பாட்டில் பொறியும் இல்லை, அம்பும் இல்லை. முதலில் வருவது யானை. பெண் யானைகளோடு பெரிய குளத்தில் இறங்கிக் குளிக்க வழியில்லை, நெய் விட்டு மிதித்த கவளமும் இல்லை. கட்டுத்தறியை மோதிக்கொண்டு, தும்பிக்கையைத் தரையில் போட்டுப் புரட்டி, சூடாக மூச்சுவிட்டு, இடிபோல் முழங்குகிறது. அடுத்து, பால் இல்லாமல் அலறும் குழந்தை, பூ இல்லாமல் வெறுந்தலையை முடியும் பெண்கள், தண்ணீர் இல்லாத வீடுகளிலிருந்து வரும் அழுகை.

ஒரு யானைக்கு நாளொன்றுக்கு நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். கோட்டைக்குள் தண்ணீர் தட்டும்போது அது முதலில் தெரிவது யானை கட்டிய இடத்தில்தான். புலவர் அங்கிருந்து தொடங்கியது சும்மா இல்லை. பிறகுதான் அரசனிடம் திரும்புகிறார். "அறவை ஆயின் நினது எனத் திறத்தல், மறவை ஆயின் போரொடு திறத்தல்." அறத்தில் நிற்பவன் என்றால் வெளியே நிற்பவனிடம் 'உன்னுடையது' என்று சொல்லிக் கதவைத் திற. வீரன் என்றால் போருக்குத் திற. இரண்டும் இல்லாமல் மதிலின் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடப்பது வெட்கக்கேடு என்கிறார். முகத்துக்கு நேரே! சோறு போடும் அரசர்களிடம் இப்படிப் பேச எத்தனை பேரால் முடியும்?

இதைப் படித்ததும் நெடுங்கிள்ளியைக் கோழை என்று முடிவுகட்டிவிடத் தோன்றும். நலங்கிள்ளியை எழுதுவது எளிதும்கூட, ஏனென்றால் அவனே பாட்டுக் கட்டியவன். 73ஆம் பாட்டு அவனுடையது. மெல்ல வந்து என் காலைப் பொருந்தி 'கொடு' என்று இரந்தால் அரசு என்ன, உயிரையே கொடுப்பேன். என்னை மதியாதவனோ தூங்கும் புலியை இடறிய குருடன்போலத் தப்ப மாட்டான் என்று வஞ்சினம் கூறுகிறான். யாரை நினைத்துச் சொன்னான் என்று பாட்டில் பெயர் இல்லை. ஆனால் கதை எழுதுகிறவன் இதை 44க்குப் பக்கத்தில் வைக்காமல் இருக்க முடியுமா? வெளியே நிற்பவன் 'கேட்டால் தருகிறேன்' என்கிறான். உள்ளே இருப்பவனுக்குக் கேட்க வாய் வரவில்லை, சண்டைக்குப் போகவும் கால் வரவில்லை. அந்த இடத்தில் நிற்கிற ஆளைத்தான் எனக்கு எழுத வேண்டும்.

நெடுங்கிள்ளியின் சொல் ஒன்றுகூடப் புறநானூற்றில் இல்லை. அவன் செய்த ஒரு காரியம் மட்டும் 47ஆம் பாட்டின் அடிக்குறிப்பில், அதாவது பாட்டு பிறந்த சூழலைச் சொல்லும் பழைய குறிப்பில், இருக்கிறது. நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்குள் வந்தான் இளந்தத்தன் என்ற புலவன். ஒற்று வந்தான் என்று நெடுங்கிள்ளி அவனைக் கொல்லப் போனான். கோவூர்கிழார்தான் பாடிக் காப்பாற்றினார். பழுமரம் தேடும் பறவைபோல வள்ளல்களைத் தேடிப்போய், கிடைத்ததைச் சுற்றத்துக்கு ஊட்டி வாழும் பிழைப்பு இது, இதில் பிறருக்குத் தீங்கு உண்டா என்று கேட்டார். இளந்தத்தன் பிழைத்தான். எனக்கு அந்தச் சந்தேகம்தான் முக்கியம். பரிசில் கேட்டு வந்தவனை ஒற்றன் என்று நினைக்கிற அரசன் எத்தனை இரவு தூங்காமல் இருந்திருப்பான்!

இன்னொன்றையும் கவனியுங்கள். கோட்டையை வளைப்பவன் சூடுவது உழிஞை, காப்பவன் சூடுவது நொச்சி என்பது இலக்கண மரபு. சளி பிடித்தால் ஆவி பிடிக்கிறோமே, அதே நொச்சி. ஆளுக்கொரு பூ என்று கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இவர்கள் உறையூரில் மறுபடி மோதியபோது கோவூர்கிழார் பார்த்தது வேறு பூவை. பனம்பூ சூடிய சேரனும் இல்லை, வேம்பு சூடிய பாண்டியனும் இல்லை, உன் தலைமாலையும் சோழர் பூவான ஆத்தி, உன்னோடு பொருகிறவன் தலைமாலையும் ஆத்தி என்கிறார் 45ஆம் பாட்டில். "ஒருவீர் தோற்பினும் தோற்பது நும் குடியே." இரண்டு பேரும் ஜெயிப்பது நடக்காத காரியம். இந்தச் சண்டையைப் பார்த்து உடல் பூரிக்கப்போவது மற்ற வேந்தர்கள்தான் என்று முடிக்கிறார்.

படைத் தலைவர்கள் எதிரெதிரே நிற்கும் கதையில் ஒருவனை வெள்ளையாகவும் ஒருவனைக் கறுப்பாகவும் தீட்டுவது நம் வழக்கம். இங்கே அந்தத் தூரிகை செல்லாது. முகம்கூட ஒரே சாடையில் இருந்திருக்கலாம். நடுவே ஒரு கதவு.

பாட்டைக் கேட்டு அவர்கள் என்ன செய்தார்கள் என்று அடிக்குறிப்பு சொல்லவில்லை. நெடுங்கிள்ளியின் பெயருக்கு முன்னால் மட்டும் 'காரியாற்றுத் துஞ்சிய' என்ற அடைமொழி இருக்கிறது. காரியாறு என்ற இடத்தில் இறந்தான் என்று பொருள். கொன்றது யார் என்று அந்தப் பெயரில் இல்லை.

ஆவூர்ப் பாட்டு முடிந்ததும் நெடுங்கிள்ளி என்ன பதில் சொன்னான் என்பதை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் கோபப்பட்டான், ஒன்றில் அழுதான். இரண்டையும் அடித்துவிட்டேன். இப்போது கையில் இருப்பதில், அவன் புலவருக்குப் பதிலே சொல்வதில்லை. யானைப் பாகனைக் கூப்பிட்டு, இன்னும் எத்தனை நாளைக்கு நெய் இருக்கிறது என்று கேட்கிறான். பாகன் தலையைக் குனிந்துகொள்கிறான். அடுத்த வரி இன்னும் வரவில்லை.

வணக்கம்.