41 சதவீதம், எதில்?

வணக்கம் நேயர்களே.

மத்திய அரசு வசூலிக்கும் வரியில் மாநிலங்களுக்கு 41 சதவீதம் என்று செய்திகளில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். வரியில் மாநிலங்களுக்கு எவ்வளவு என்று பரிந்துரைக்கும் குழுதான் நிதிக்குழு. 13ஆவது நிதிக்குழு கொடுத்தது 32. 14ஆவது நிதிக்குழு அதை 42 ஆக்கியது. ஜம்மு காஷ்மீர் யூனியன் பிரதேசமான பிறகு, 15ஆவது நிதிக்குழு ஒன்றைக் குறைத்து 41 என்றது. இந்த எண்களை மட்டும் பார்த்தால், மாநிலங்களின் கை ஓங்கிவிட்டது போலத் தெரியும். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. 41 சதவீதம் சரி, எதில் 41?

அரசமைப்புச் சட்டத்தின் 270ஆவது பிரிவில் ஒரு பொதுப் பானை இருக்கிறது. வருமான வரி, நிறுவன வரி, சுங்கம், கலால், மத்திய ஜிஎஸ்டி எல்லாம் அதில் விழும். வசூல் செலவு போக மீதியைத்தான் பங்கிடுகிறார்கள். ஆனால் ஒரு குறிப்பிட்ட செலவுக்கென்று போடும் செஸ், வரி மேல் கூடுதல் வரியாகப் போடும் சர்சார்ஜ் ஆகிய இரண்டும் அந்தப் பானைக்குள் வராது. அவை முழுக்க டெல்லிக்கே.

பெட்ரோல் பங்க்கிலிருந்தே பார்ப்போம். 2021 பிப்ரவரியில் லிட்டருக்கு மத்திய வரி 32 ரூபாய் 90 காசு. அதைப் பிரித்துச் சொல்கிறேன், மெதுவாகக் கேளுங்கள். சாலைக்கான செஸ் 18 ரூபாய். சர்சார்ஜாகப் போடப்படும் சிறப்புக் கூடுதல் தீர்வை 11 ரூபாய். விவசாயக் கட்டமைப்பு செஸ் இரண்டரை ரூபாய். மிச்சம் 1 ரூபாய் 40 காசு. அதுதான் அடிப்படைக் கலால் தீர்வை, அது மட்டும்தான் பானைக்குள் விழுந்தது. அதில் 41 சதவீதம் என்றால் 57 காசு, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து. அதில் தமிழ்நாட்டின் பங்கு அந்த நிதியாண்டில் 4.189 சதவீதம். கணக்குப் போட்டால் சுமார் 2.4 காசு. நாட்டில் எங்கே ஒரு லிட்டர் விற்றாலும், 32 ரூபாய் 90 காசிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தது அவ்வளவுதான்.

இது எப்படி நடந்தது? விலையைத் தொடாமலே நடந்தது. 2021 பிப்ரவரி பட்ஜெட்டில்தான் விவசாயக் கட்டமைப்பு செஸ் வந்தது. அதே நாளில் அடிப்படைத் தீர்வை 2 ரூபாய் 98 காசிலிருந்து 1 ரூபாய் 40 காசாகவும், சிறப்புத் தீர்வை 12 ரூபாயிலிருந்து 11 ஆகவும் இறங்கின. வண்டிக்குப் பெட்ரோல் போட்டவருக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. பானையிலிருந்து மட்டும் லிட்டருக்கு 1 ரூபாய் 58 காசு வெளியே போனது. 2018 பட்ஜெட்டிலும் இப்படித்தான்: அடிப்படைத் தீர்வை 2 ரூபாய் இறங்கியது, சாலை செஸ் வந்தது, மொத்தம் மாறவில்லை.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் பெட்ரோல் வரியைக் குறைத்தபோது, சாலை செஸ்ஸில்தான் குறைத்தார்கள். அந்தச் சுமையை மத்திய அரசே ஏற்றது. செஸ் பணத்தில் ஒரு பகுதி மாநிலச் சாலைகளுக்கும் வருகிறது, அதுவும் உண்மை. ஆனால் எந்தச் சாலைக்கு என்ற முடிவு டெல்லியில். பங்காக வரும் பணத்துக்கு அந்தக் கட்டு இல்லை. பள்ளிக்கூடம் கட்டுவதா, ஏரியைத் தூர்வாருவதா என்று மாநிலமே தீர்மானிக்கலாம். அதிகாரம் என்று நான் சொல்வது இதைத்தான்.

இது புதிய வழியும் அல்ல. 1959இல் நிதிச் சட்டத்தில் ஒரு மாற்றம் வந்தது. அதுவரை நிறுவனங்கள் கட்டிய வருமான வரியும் பங்குக்கு உரியதாக இருந்தது. அந்த ஆண்டு அது நிறுவன வரி என்ற கணக்குக்குப் போனது. நிறுவன வரியில் அன்று மாநிலங்களுக்குப் பங்கு கிடையாது. பெயர் மாறியது, பணம் போனது. வருமான வரியில் மாநிலங்களின் பங்கு இரண்டாவது நிதிக்குழுவில் 60 சதவீதம். ராஜமன்னார் தலைமையிலான நான்காவது குழுவில் 75. பின்னால் 85 வரை ஏறியது. சதவீதம் ஏற ஏற, தொழில் வளர்ச்சியோடு வேகமாகப் பெருகிய நிறுவன வரி வெளியிலேயே நின்றது. அதே ராஜமன்னாரைத்தான் 1969இல் தமிழ்நாடு அரசு மத்திய மாநில உறவுகளை ஆராயும் குழுவுக்குத் தலைவராக்கியது. நிறுவன வரி பானைக்குள் வர, 2000இல் 80ஆவது திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தத் திருத்தமும் செஸ்ஸையும் சர்சார்ஜையும் வெளியிலேயே விட்டது.

உங்கள் சம்பளத்திலும் இது உண்டு. வருமான வரி 10,000 ரூபாய் என்றால், அதன் மேல் 4 சதவீதம், 400 ரூபாய், சுகாதார, கல்வி செஸ். பள்ளியும் மருத்துவமனையும் பெரும்பாலும் மாநிலத்தின் பொறுப்பு. ஆனால் அந்த 400இல் பங்கு இல்லை.

நேரம் நெருங்கிவிட்டது. ஜிஎஸ்டி பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், வாக்குக் கணக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஜிஎஸ்டி விகிதங்களைப் பரிந்துரைக்கும் ஜிஎஸ்டி மன்றத்தில் மத்திய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை, மாநிலங்கள் அனைத்துக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. முடிவெடுக்க நான்கில் மூன்று வேண்டும். எல்லா மாநிலங்களும் ஒன்று சேர்ந்தாலும் 67 சதவீதத்தைத் தாண்டாது. மத்திய அரசு ஒன்றே தடுக்கலாம். மன்றத்தின் பரிந்துரைகள் சட்டமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனாலும் ஒரு மாநிலம் மட்டும் தனி விகிதம் வைத்தால், எல்லை தாண்டி விற்கும் வியாபாரியின் உள்ளீட்டு வரிக் கணக்கு, அதாவது வாங்கும்போது கட்டிய வரியை விற்கும்போது கழித்துக்கொள்ளும் கணக்கு, சிக்கிக்கொள்ளும். அதனால் அந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு தனி வழி போவது எந்த மாநிலத்துக்கும் எளிதல்ல.

நன்றி, வணக்கம்.