மெடிக்கல் சுவரில் தொங்கும் போட்டோவில் இருப்பவர் எங்கே? பார்மசிஸ்ட் ஆகும் வழி இதுதான்!

[திரையில்: மருந்துக் கடைச் சுவர். சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு சான்றிதழ்]

வணக்கம். உங்கள் தெரு மெடிக்கலில் பார்மசிஸ்டின் சர்டிபிகேட்டைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அதிலிருக்கும் போட்டோவைக் காட்டி, "இவர் எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள்.

போன வாரம் பெங்களூர் அல்சூரில் ஒரு கடையில் நான் கேட்டேன். கல்லாவில் இருந்த தம்பி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சாப்பிடப் போயிருக்கார் சார்" என்றான். காலை ஒன்பதரை மணி. சரி, டிபன் என்று வந்துவிட்டேன். சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்பப் போனேன். அப்போதும் சாப்பிடத்தான் போயிருந்தார். நல்ல பசி!

1948ஆம் ஆண்டு பார்மசி சட்டம், 42வது பிரிவு. டாக்டர் சீட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுப்பவர் பதிவு பெற்ற பார்மசிஸ்டாக இருக்க வேண்டும். மீறினால் ஜெயில் வரை போகலாம். ஆனால் நம்மூரில் பலர் சர்டிபிகேட்டை மாத வாடகைக்கு விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கிறார்கள். சட்டம் சுவரில் இருக்கிறது, ஆள்தான் இல்லை.

சரி, அந்த சர்டிபிகேட்டை வாங்க என்ன படிக்க வேண்டும்? இந்தப் பகுதியை வேகமாக ஓட்டிவிடுகிறேன். பியூசியில், அதாவது பிளஸ் டூவில், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி கட்டாயம். கூடவே பயாலஜி அல்லது மேத்ஸ். ஆமாம், மேத்ஸ் எடுத்த பிள்ளையும் சேரலாம். நீட் தேவையில்லை. டி.பார்ம் என்ற டிப்ளமா 2 வருஷம், அப்புறம் 500 மணி நேரப் பயிற்சி. 2022இல் வந்த விதிப்படி, டி.பார்ம் முடித்தவர்கள் பதிவுக்கு முன் எக்ஸிட் தேர்வு ஒன்றும் எழுத வேண்டும். பி.பார்ம் என்ற பட்டப்படிப்பு 4 வருஷம். டி.பார்ம் முடித்தவர்கள் நேரே இரண்டாம் வருஷத்தில் சேரலாம். ஃபார்ம்.டி 6 வருஷம், கடைசி வருஷம் இன்டர்ன்ஷிப். இந்தியாவில் இது 2008இல்தான் வந்தது. பெங்களூரில் அரசு ஒதுக்கீட்டில் பி.பார்ம், ஃபார்ம்.டி சேர கே.சி.இ.டி என்ற கர்நாடகப் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். சுப்பையா சர்க்கிள் பக்கம் அரசு பார்மசி கல்லூரியே இருக்கிறது. படித்து முடித்தவுடன் மாநில பார்மசி கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். பதிவு இல்லையென்றால் கையிலிருப்பது பட்டம் மட்டும்தான்.

அவ்வளவுதான் வழி. இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன்.

[திரையில்: ஒரு பாரசிட்டமால் பட்டை, பக்கத்தில் ஐந்து குன்றிமணி]

டோலோ 650. நம்ம பெங்களூர் கம்பெனியின் சரக்கு. ஆனால் ஏன் 650? 600 என்றோ 700 என்றோ வைத்திருக்கக் கூடாதா?

பதில் பி.பார்ம் முதல் செமஸ்டர் பாடத்தில் இருக்கிறது. பழைய இங்கிலீஷ் மருந்துக்காரர்கள் கிராம் கணக்கில் நிறுக்கவில்லை. 'கிரெயின்' என்று ஓர் எடை வைத்திருந்தார்கள், ஒரு பார்லி மணியின் கனம். இன்றைய கணக்கில் சுமார் 65 மில்லிகிராம். அந்தக் காலத்து ஆஸ்பிரின் மாத்திரை 5 கிரெயின். அதை மில்லிகிராமுக்கு மாற்றினால் 325. அதையே இரட்டித்தால் 650. கிரெயின் போய்விட்டது, அதன் எண் மட்டும் மாத்திரை அட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இன்னும் கேளுங்கள். நம் சித்த மருத்துவத்தில் குன்றிமணி எடை உண்டல்லவா? அதை 130 மில்லிகிராம் என்று கணக்கு வைக்கிறார்கள். சரியாக இரண்டு கிரெயின்! ஆக, ஒரு டோலோ என்பது ஐந்து குன்றிமணி மருந்து. இதைக் கண்டுபிடித்த அன்றைக்கு நான் ராத்திரி பதினொரு மணிக்கு என் பாட்டிக்குப் போன் போட்டேன். "இதுக்காடா எழுப்பின?" என்றார்.

குன்றிமணி தெரியும்தானே? பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைப்போமே, அதே சிவப்பும் கறுப்புமான விதைதான். மருந்தை எடை போட்ட அந்த விதையே கொடிய விஷம். உள்ளே இருக்கும் நச்சுக்கு அப்ரின் என்று பெயர். தயவுசெய்து குழந்தைகள் கைக்கு எட்டும்படி வைக்காதீர்கள்.

அதே முதல் செமஸ்டரில் 'ப்ரூஃப் ஸ்பிரிட்' கணக்கும் உண்டு, அதாவது சாராயத்தின் வீரியக் கணக்கு. பையன் ராத்திரி அதைப் போட்டுக்கொண்டிருந்தால் அடிக்காதீர்கள், சிலபஸ்.

எது படிக்கலாம் என்று கமெண்டில் நிறைய அம்மாக்கள் கேட்கிறீர்கள். என் கருத்து இது: சொந்தக் கடைதான் வைக்கப் போகிறீர்கள் என்றால் டி.பார்ம் போதும். கம்பெனி வேலை, மேல்படிப்பு என்று யோசித்தால் பி.பார்ம். ஃபார்ம்.டிக்குப் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போடலாம் என்பதற்காக மட்டும் ஆறு வருஷ ஃபீஸ் கட்டாதீர்கள். கல்லூரியோடு நல்ல ஆஸ்பத்திரி சேர்ந்திருக்கிறதா, பிள்ளைகளை வார்டுக்குள் விடுகிறார்களா என்று நேரில் போய் விசாரியுங்கள்.

அப்புறம், மர்ஃபி டவுனில் ஒரு கடை. வெள்ளைக் கோட்டு, அதில் பெயரும் பதிவு எண்ணும் போட்ட பேட்ஜ். சுவர் போட்டோவில் இருந்த அதே அக்கா! எனக்கு ஜுரம், சளி. டோலோ ஒரு பட்டை, சளி மாத்திரை ஒரு பட்டை கேட்டேன். அக்கா சளி மாத்திரையைத் திருப்பி, பின்பக்கப் பொடி எழுத்தை விரலால் காட்டினார். "இதுலயே பாரசிட்டமால் இருக்கு தம்பி. ரெண்டையும் சேத்துப் போட்டா ஈரல் என்னத்துக்கு ஆகும்?" என்று ஒரு பட்டையை உள்ளே எடுத்து வைத்துவிட்டார். கையில் வந்த வியாபாரத்தை விட்டவரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அக்கா, இதை அப்படியே வீடியோ எடுக்கலாமா?" என்றேன்.

"பின்னாடி ஆள் நிக்குது, தள்ளி நில்லுங்க" என்றார்.