காட்டுப்பூவுக்கு உரம் வேண்டாம்

நேயர்களுக்கு வணக்கம்.

காட்டுப்பூ விதைக்க ஆசைப்படுகிறவர்கள் பலரும் முதல் வேலையாக மண்ணில் தொழுவுரத்தைக் கொட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். காஸ்மாஸ், நீலநிறக் கார்ன்ஃபிளவர், பாப்பி எல்லாம் சத்துக் குறைந்த மண்ணிலேயே நன்றாகப் பூக்கிறவை. தழைச்சத்து கூடினால் செடி இலையாகத் தள்ளும், பூ தாமதமாகும், காற்றடித்தால் சாய்ந்துவிடும். அதைவிட மோசம், புல்லும் களையும் அந்தச் சத்தை முந்திக்கொண்டு எடுத்துக்கொள்ளும்.

இவை ஒருபருவச் செடிகள். முளைத்து, பூத்து, விதை உதிர்த்து ஒரே பருவத்தில் முடிந்துபோகிறவை. அந்தக் குறுகிய காலத்தில் மற்ற செடிகளோடு மல்லுக்கட்ட அவற்றால் ஆகாது. வெற்று மண்ணும் வெயிலும்தான் அவற்றுக்கு வேண்டும். 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரில், பெல்ஜியத்திலும் வட பிரான்சிலும் குண்டு விழுந்து புரண்ட வயல்களில் சிவப்புப் பாப்பி மண்டிப் பூத்தது இதனால்தான். பல ஆண்டுகள் மண்ணுக்குள் உறங்கிய விதைகள், வெளிச்சம் பட்டதும் முளைத்தன.

களை விதையும் அப்படியேதான் உறங்குகிறது. நிலத்தைக் கொத்தினால் அதுவும் எழுந்துவிடும். ஆகவே கொத்திச் சமன்படுத்திய கையோடு விதைக்காதீர்கள். தண்ணீர் தெளித்து இரண்டு மூன்று வாரம் விட்டுவிடுங்கள். முளைத்து வருகிற களையை மேலாகச் சுரண்டி எடுங்கள். மறுபடி ஆழக் கொத்தினால் அடியில் கிடக்கும் அடுத்த கூட்டம் மேலே வந்துவிடும். விதைத்த பிறகு படுகிற பாட்டில் பெரும்பகுதி இந்தக் காத்திருப்பில் மிச்சமாகும் என்பது என் உறுதியான எண்ணம்.

சிவப்புப் பாப்பி விதை 1 கிராமில் ஏறக்குறைய 10,000 இருக்கும். வெறுங்கையால் தூவினால் ஒரே இடத்தில் கொட்டிவிடும். உலர்ந்த மணலோடு கலந்து, பாதியை நெடுக்காகவும் மீதியைக் குறுக்காகவும் தூவுங்கள். எங்கே விழுந்தது என்பதை மணலின் நிறமே காட்டிவிடும். பாப்பியை மண் போட்டு மூட வேண்டாம், பலகையால் அழுத்தினால் போதும். கார்ன்ஃபிளவரையும் காஸ்மாஸையும் மட்டும் 1 சென்டிமீட்டர் அளவுக்கு மூடுங்கள். பூவாளியால் மெல்ல நனையுங்கள். நாற்று எது, களை எது என்று தெரியாதவர்கள் கோடு கிழித்து வரிசையாக விதைப்பது நல்லது.

நெருக்கமாக முளைத்ததைக் கலைத்துவிடத்தான் வேண்டும். மனம் வராது, எனக்கும் வருவதில்லை. ஆனாலும் இடைவெளி கிடைத்த செடிதான் கிளைத்துப் பூக்கும். பிடுங்கிய பாப்பியை வேறிடத்தில் நட்டுப் பார்க்க வேண்டாம். ஆணிவேர் அசைந்தால் அது பிழைப்பது அரிது.

ஓரடுக்கு இதழ் உள்ள வகைகளையே தேர்ந்தெடுங்கள். அடுக்குப் பூக்கள் பலவற்றில் மகரந்தமும் தேனும் தேனீக்கு எட்டுவதில்லை. காஸ்மாஸில் வாடிய பூவைக் கிள்ளிவிட்டால், விதை கட்டப் போகிற சத்து அடுத்த மொட்டுக்குப் போகும். பருவக் கடைசியில் கிள்ளுவதை நிறுத்திவிடுங்கள். விதை நன்றாகக் காய்ந்ததும் எடுத்துத் தாள் உறையில் போட்டு வையுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். மிஞ்சிய விதையைக் காட்டோரத்திலோ ஆற்றங்கரையிலோ வீசிவிடாதீர்கள். வெளியிலிருந்து வந்த செடி அங்கே பரவி, அந்த மண்ணுக்கே உரிய செடிகளை நெருக்கிவிடக்கூடும். பாத்தியிலேயே உதிர விட்டால், அடுத்த பருவத்தில் மண்ணை லேசாகக் கிளறினாலே பல விதைகள் தானாக முளைக்கும்.

நன்றி, வணக்கம்.